எச்சில் படாத மருந்து

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில். அப்பா கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியைச் சேர்ந்தவர். ஆஸ்துமாக்காரர். மார்கழி நெருங்கினால் இரைப்பு கூடும். கோஷ்டிக்கு ஓயாத வேலையும் மார்கழியில்தான். அந்த ஆண்டு ஐப்பசியிலேயே, ஒரு பாசுரத்தின் நடுவில் மூச்சு முட்டி நிறுத்திவிட்டார்.

"மார்கழியிலும் இப்படி ஆச்சுன்னா நானே ஒதுங்கிடறேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

இரைப்பு முற்றினால் அட்ரினலின் ஊசியைத் தோலுக்கடியில் போடுவார்கள். பயந்தால் உடம்பு தானே சுரந்துகொள்ளும் பொருள்தான் அது. மூச்சுக்குழாயைச் சுற்றிய தசை தளரும். கூடவே இதயம் வேகமெடுக்கும், ரத்த அழுத்தம் ஏறும். மற்ற நாட்களில் எபிட்ரின் மாத்திரை. அதுவும் அதே வகை. இரைப்பு சற்றுக் குறையும். ஆனால் நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது, அவர் வயதில் சிறுநீர் போவதும் சிரமம்.

மன்னார்புரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். கத்தோலிக்கர். வாயில் அடித்துக்கொள்ளும் சால்புடமால் ஸ்பிரே எழுதிக்கொடுத்தார்.

"இதுவும் அந்த வேலையத்தான் செய்யும். ஆனா பெரும்பாலும் மூச்சுக்குழாய்ல மட்டும். இதயத்த அவ்வளவா தொந்தரவு பண்ணாது. நேரா உள்ள போறதால துளி மருந்தே போதும்."

வெளியே கூட்டம். கம்பவுண்டர், "வாய்ல அடிச்சுக்குங்க" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

அப்பா தவறாமல் அடித்துக்கொண்டார். இரைப்பு குறையவே இல்லை. கார்த்திகை பிறந்ததும் மூவருமாக மறுபடி போனோம்.

"எப்படி அடிக்கிறீங்க? காட்டுங்க, சாமி."

அப்பா அண்ணாந்தார். சொம்புத் தண்ணீர் குடிப்பதுபோல ஸ்பிரேயை உதட்டுக்கு மேலே உயரத் தூக்கிப் பிடித்து, நாக்கில் அடித்து, வாயை மூடி விழுங்கினார்.

"ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறீங்க?" என்றார் டாக்டர்.

"வாயில வெச்சா எச்சில் ஆயிடுமே" என்றார் அப்பா.

"காபி டம்ளரே இவர் உதட்டுல படாது, டாக்டர்" என்றாள் அம்மா.

"சாமி, நீங்க தீர்த்தம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க! நெஞ்சுக்குப் போகவேண்டியது வயித்துக்குப் போகுது."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "உதடு படவேண்டாம். வாய்க்கு நேரா ரெண்டு விரல் தள்ளிப் பிடிங்க. தலை நிமிர்ந்து இருக்கட்டும். மூச்ச முழுக்க விட்டுட்டு, மெதுவா இழுக்க ஆரம்பிக்கும்போது அமுக்குங்க. இழுத்த மூச்ச உள்ளயே நிறுத்துங்க."

முதலில் மருந்து புகைபோல வெளியே வந்தது. பிறகு பிடிபட்டது. சற்று நேரத்தில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை அவர் முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, "விசில் குறைஞ்சிருக்கு" என்றார்.

மார்கழியில் அப்பா கோஷ்டிக்குப் போனார். புறப்படும் முன் ஸ்பிரேயை இழுத்துக்கொண்டார். எச்சில் படாவிட்டாலும் கையைக் கழுவினார். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். நீண்ட அடியை மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். கூப்பிய கையில் விரல்கள் லேசாக நடுங்கின. அந்த மருந்துக்கு அப்படி ஒரு விளைவு உண்டு.

பக்கத்தில் நின்றவர், "என்ன பக்தி பாருங்கோ, கை நடுங்கறது" என்றார்.

நான் தலையசைத்தேன். அப்பா அந்த அடியை முடித்து அடுத்ததைத் தொடங்கினார்.