சந்தேக அக்காவும் வெட்டும் நொதியும்

அக்கா பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்குகிறார். பாதிப் படியில் நின்று யோசிக்கிறார். திரும்ப ஏறி மறுபடியும் இழுக்கிறார். கீழே ஸ்கூட்டரை உறுமவிட்டு நிற்கும் கணவருக்கு இது பழகிப்போன கூத்து. "கதவு கையோட வந்துடப் போகுது, ஏறும்மா" என்கிறார்.

பாலை முகர்ந்து பார்க்காமல் ஊற்ற மாட்டார். மகள் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தால், "டீச்சர் சரியா கூட்டினாங்களாடி?" என்று கேட்டு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். ஆய்வகத்தில் அவருக்குச் சந்தேக அக்கா என்று பெயர். அதற்காக அவர் கோபப்பட்டதில்லை. ஏதோ பதவி கிடைத்த மாதிரி வைத்துக்கொண்டுவிட்டார்.

அவர் மல்லுக்கட்டுவது கொரோனா வைரஸின் நொதிகளோடு, அதாவது என்சைம்களோடு. முழு வைரஸ் அந்த அறைக்குள் வருவதில்லை; அதன் நொதிகளை மட்டும் தனியே தயாரித்துச் சின்னச் சின்னக் குழாய்களில் வைத்திருக்கிறார்கள். வைரஸ் உடம்பில் பெருக வேண்டுமானால், ஏறத்தாழ முப்பதாயிரம் எழுத்துள்ள தன் மரபுச் சங்கிலியைப் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்க ஒரு நொதி. தப்பான எழுத்து விழுந்தால் அதை வெட்டியெறிய இன்னொன்று. இந்த இரண்டாவது வசதி மற்ற பல வைரஸ்களுக்குக் கிடையாது. அக்கா அதைக் 'கடங்காரன்' என்றுதான் சொல்வார்.

மருந்து என்பது ஒரு போலி எழுத்து. சங்கிலிக்குள் புகுந்து படியெடுப்பை நிறுத்த வேண்டும். "உள்ள நுழையறது பெரிய விஷயமில்ல. கடங்காரன் மோப்பம் பிடிச்சு வெட்டிட்டான்னா எல்லாம் வீண். அவன் கண்ணுல மண்ணைத் தூவணும்" என்பார். அப்படித் தூவக்கூடிய ஒரு போலி எழுத்தைத்தான் பல வருடங்களாகப் பெற்ற பிள்ளை போல வளர்த்துவந்தார்.

அன்று மாலை, ஆராய்ச்சிக்குப் பணம் தரும் குழுவுக்கு ஆய்வகத் தலைவர் பதில் சொல்ல வேண்டும். வெட்டும் நொதி அந்தப் போலி எழுத்தை விட்டுவைக்கிறது என்று காட்டினால் வேலை தொடரும். இல்லாவிட்டால் அறையைக் காலிசெய்ய வேண்டியதுதான். காலையிலிருந்து யாருக்கும் சோறு இறங்கவில்லை.

சோதனையின் படம் வந்தது. வெட்டுப்பட்ட சங்கிலி குட்டையாகிப் படத்தில் கீழே இறங்கிவிடும். வெட்டுப்படாதது மேலேயே நிற்கும். போலி எழுத்து இருந்த சங்கிலிகள் எல்லாம் ஜம்மென்று மேலே நின்றன. கூட வேலை செய்யும் பெண் அக்காவைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். சிரிக்கவே தெரியாத தலைவர் மேஜையைத் தட்டிவிட்டுப் போன் பேசத் தன் அறைக்கு ஓடினார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை சந்தோஷம்.

ஆனால் பழக்கம் விடுமா? யாரும் பார்க்காத கடைசி வரிசைக்கு விரல் போனது. அதில் மருந்தே இல்லை. சாதாரணமான தப்பு எழுத்துள்ள சங்கிலி. நொதி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகவே வைப்பது. கடங்காரன் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருக்க வேண்டும். அதுவும் மேலேயே நின்றது.

அவருக்குப் புரிந்துவிட்டது. கடங்காரன் ஏமாறவில்லை. செத்துக் கிடந்திருக்கிறான். காலையில் நொதியை ஐஸில் வைத்துவிட்டு, கேஸை மூடினோமா என்று வீட்டுக்குப் போன் பண்ணப் போயிருந்தார். கணவரோடு பேச்சு வளர்ந்து வாக்குவாதமாகித் திரும்பியபோது ஐஸ் தண்ணீராகியிருந்தது. புது ஐஸைப் போட்டுவிட்டு, அவசரத்தில் அதே குழாயில் இருந்த நொதியையே சோதனைக்கு எடுத்துவிட்டார். சூடு பட்டால் அந்த நொதி தாங்காது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர்தான்.

"அக்கா, இன்னிக்கு ஒருநாள் சந்தேகப்படாம இருங்களேன்" என்றாள் அந்தப் பெண். அவளும் அந்தக் கடைசி வரிசையைப் பார்த்துவிட்டிருந்தாள். "நாளைக்குப் புது நொதி வெச்சுப் பண்ணிக்கலாம். மருந்து நிஜமாவே ஜெயிச்சாலும் ஜெயிக்கும்."

"ஜெயிக்கலைன்னா?"

"அப்போ சொல்லிக்கலாம்."

"அதுக்குள்ள இதை நம்பி பத்துப் பேரு வேலையை ஆரம்பிச்சிருப்பாங்கடி" என்றார் அக்கா. அவருக்கும் வாயை மூடிக்கொண்டிருக்க ஆசையாகத்தான் இருந்தது. படத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

தலைவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்க, வெட்டவே இல்லைங்க! படத்தைப் பாத்தா நீங்களே அசந்துடுவீங்க." அக்காவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக நாற்காலியைக் காட்டினார்.

அக்கா உட்காரவில்லை. படத்தை மேஜையில் தலைவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். எல்லோரும் கொண்டாடிய வரிசைகளின்மேல் தன் உள்ளங்கையைப் பரப்பி மூடினார். கடைசி வரிசை மட்டும் வெளியே தெரிந்தது. தலைவரின் சிரிப்பு அடங்கும்வரை, அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.