மலை மார்க்கை இறக்க மாட்டேன்

தொண்ணூறுகளின் நடுவில் இதழியலில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். கல்வராயன் மலையில் சாமை விதைக்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் ஊரில் அந்தப் படிப்புவரை வந்த முதல் பெண் நான்தான்.

வானொலியில் வரும் விவசாய நிகழ்ச்சி கேட்பவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்பதுதான் ஆய்வு. கள்ளக்குறிச்சி டவுன், மலைக்குக் கீழே உள்ள கிராமமான நைனார்பாளையம், எங்கள் மலை என மூன்று இடத்திலும் கேள்வி கேட்டு, மார்க் போட்டு, சராசரிகளை அனோவா கணக்கில் ஒப்பிட வேண்டும். இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசம், ஒரே இடத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதா என்று பார்க்கிற கணக்கு அது.

மலையில்தான் சிக்கல். ரேடியோ உள்ள வீட்டு வாசலில் கூடித்தான் கேட்பார்கள். பதிலையும் கூடியே சொல்வார்கள். ஒருவர் பதில் இன்னொருவர் காதில் விழுந்தால் கணக்கு கெட்டுவிடுமே என்று ஒவ்வொருவராகக் களத்துப் பக்கம் அழைத்துப் போனேன். என் பெரியப்பாவுக்கே கோபம்.

"ஒண்ணா குந்திக்கினு கேட்டத இன்னாத்துக்குத் தனித்தனியா சொல்லச் சொல்ற?"

கெஞ்சிக் கூத்தாடித்தான் பதில்களை வாங்கினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்று சராசரியும் ஒட்டி நின்றன. டவுனிலேயே எல்லாம் சொன்ன கடைக்காரரும், ஒன்றும் சொல்லத் தெரியாத பக்கத்துக் கடைக்காரரும் இருந்தார்கள். மலையிலும் அப்படித்தான். இடத்துக்கு இடம் வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல ஆதாரமில்லை என்று வந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் சிரித்தார். மலைக்காரர்கள் டவுனுக்குச் சமமாக வருவார்களா, சொந்தக்காரர்களுக்கு நீயே சொல்லிக் கொடுத்திருப்பாய் என்றார். மலை மார்க்கைக் கொஞ்சம் இறக்கிக் கொண்டுவந்தால் கையெழுத்தாம்.

"எறக்க மாட்டேன் சார். நம்பிக்கை இல்லன்னா வேற ஆள அனுப்பிக் கேட்டுப் பாருங்க."

பட்டம் போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவரும் விடவில்லை. தனக்குப் பிடித்த டவுன் மாணவர் ஒருவரை மூன்று இடத்துக்கும் அனுப்பி, புது ஆட்களிடம் கேட்கவைத்தார். அவர் திரும்பி வந்து கணக்கைப் போட்டார். சந்தேகப்பட்டு மறுபடியும் போட்டார். அதே முடிவுதான்.

பேராசிரியர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். மன்னிப்பும் கேட்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை.

இன்று நானும் பாடம் நடத்துகிறேன். மலை ஜனங்களுக்கு என்ன புரியும் என்று யார் ஆரம்பித்தாலும், எத்தனை பேரைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். அன்று அந்த மார்க்கை இறக்கியிருந்தால், இப்படிக் கேட்க எனக்கு வாய் இருந்திருக்காது.