மருமகள் கூட வந்த நாள்

சுப்பையா இருபத்தாறு வருடமாகத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். ஜோர்ஜ் டவுனில் ஆள் ஏற்றி பாயான் லெப்பாஸில் இறக்குவார். "லீவா? அது எந்தக் கடையில விக்குது?" என்று கேட்கும் வாய். முதுகுவலியையும் அந்த வாயாலேயே சமாளித்துவந்தார். தைலம் தேய்த்தார், இடுப்புப் பட்டை கட்டினார், ஓட்டினார்.

முந்தாநாள் முதல் வலி வேறு முகம் காட்டியது. உட்காரும் இடமே மரத்துப்போயிருந்தது. கால்மணி நேரம் நின்றாலும் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பயந்துபோனார். இந்த மரப்பு காலுக்கும் இறங்கிவிட்டால் பஸ்ஸும் போச்சு. டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். மகன் சிங்கப்பூரில் இருந்ததால் மருமகள் ஷர்மினி வேலைக்கு லீவு போட்டுக் கூட வந்துவிட்டாள், அறைக்குள்ளும்.

டாக்டர் ரொஸ்னா பொறுமையானவர். முதலில் மாத்திரை, உடற்பயிற்சி. கேட்காவிட்டால் முதுகில் ஊசி. ஆபரேஷன் கடைசியில்தான் என்று மலாயில் விளக்கினார். பிறகு, சிறுநீர், மலம் சரியாகப் போகிறதா, தொடைக்கு நடுவே மரத்துப்போகிறதா என்று கேட்டார்.

ஷர்மினி மாமனார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் முன்னால் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாத மனிதர் அவர்.

"ஓகே லா டாக்டர். எல்லாம் ஓகே."

இந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? 'கொஞ்சம் வெளிய இரும்மா' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அது மட்டும் வாயில் வரவில்லை. ஸ்கேனுக்கு மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள்.

காரில் உட்கார்ந்ததும் ஷர்மினி, மருந்தோடு கொடுத்த தாளைப் படித்தாள்.

"மாமா, இதுல போட்டிருக்கு. ஒன்னுக்கு சரியா வரலன்னாலோ, உக்கார்ற எடம் மரத்துப்போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வரணுமாம். ஆபரேஷன் லேட்டானா கால்ல உணர்ச்சி திரும்ப வராதாம். உங்களுக்கு அதெல்லாம் இல்லதானே?"

அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

"இல்லம்மா. காடிய எடு."

வீட்டு முன்னால் இறங்கி நாலடி நடந்தார். மதிய வெயிலில் தார் இளகிக் கிடந்தது.

"மாமா, சிலிப்பர்."

திரும்பிப் பார்த்தார். வலது செருப்பு கார் பக்கத்திலேயே கிடந்தது. வெறும் பாதம் தாரின் மேல் இருந்தது. சுடவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் ஷர்மினி கணவனுக்குப் போன் போட்டிருந்தாள்.

"பயப்பட ஒன்னும் இல்லியாம்ங்க. மாமாவே டாக்டர்கிட்ட சொல்லிட்டாரு, எல்லாம் ஓகேன்னு."

சுப்பையா குனிந்து, செருப்பைக் கையால் காலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.