கேட்கக் கூடாத வகுப்பு

என் அக்காவைக் கட்டியவர் பள்ளிக்கூட வாத்தியார். வாயைத் திறந்தால் “சொந்தக் கால்ல நில்லு” என்பார். அந்தக் கால்களுக்குத் தினமும் சாக்ஸ் தேடிக் கொடுப்பது என் அக்கா.

அவர் வகுப்பில் சந்தேகம் கேட்கக் கூடாது. கேட்ட பிள்ளை வராந்தாவில் நிற்க வேண்டும். தானாக விடை கண்டுபிடித்தால்தான் உள்ளே வரலாம். பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தால் இரண்டு நாள் வராந்தா. இந்தக் கூத்துக்குச் சுயசார்புக் கல்வி என்று பெயர் வைத்து, மேடை மேடையாகப் பேசிக் கைதட்டல் வாங்கினார். கைதட்டியவர்களைச் சொல்ல வேண்டும்.

அவருடைய பன்னிரண்டு வயது மகளும் அதே வகுப்புதான். இரண்டு வருடமாக அவள் எதுவும் கேட்டதில்லை. “பாத்தீங்களா மச்சான், யாரையும் அண்டி நிக்க மாட்டா” என்று என்னிடம் பீற்றிக்கொள்வார். மதிப்பெண் மட்டும் சறுக்கிக்கொண்டே போனது. முயற்சி போதாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார் மகாஞானி.

போன மாதம் என் தையல் கடைக்கு வந்தவளிடம் மணி பார்க்கச் சொன்னேன். ஸ்டூலில் ஏறி, சுவர்க் கடிகாரத்தில் மூக்கு முட்டப் பார்த்தாள்.

“ஏம்மா, இங்கேருந்து தெரியலையா?”

“தெரியாது மாமா. போர்டும் தெரியாது. அப்பா வாய்விட்டுப் படிக்கிறத வச்சு எழுதிப்பேன்.”

“அப்பாகிட்ட சொல்லக் கூடாதா?”

“கேட்டா வராந்தாவுல நிக்கணுமே.”

கடையை அப்படியே பூட்டினேன். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். வாத்தியாரைக் கையோடு இழுத்துக்கொண்டு, பிள்ளையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

“வலது கண்ணுக்குக் கண்ணாடி போதும். இடது கண்ணைச் சின்ன வயசுலயே பாத்திருக்கணும். இனிமே அதுல பெருசா பார்வை வராது” என்றார் டாக்டர்.

“ரெண்டு வருஷம் தனியாவே சமாளிச்சிருக்கா, டாக்டர்” என்றார் இவர். அப்போதும் குரலில் பெருமை. டாக்டர் கண்ணாடிக்கான சீட்டை எழுதி என்னிடம் நீட்டினார்.

வெளியே வந்ததும் காற்றுப் போன பலூன் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தார். “மச்சான், இத உங்க அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்களேன். எனக்குத் தைரியமில்ல.”

நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை முந்திக்கொண்டாள்.

“வேணாம் மாமா. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த மனுஷனுக்கு நிம்மதியாக இருந்தது.