இரண்டாவது பிரேக்

வலது கால் மிதித்த பிறகுதான் “பிரேக்!” என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது. முட்டைத் தட்டுகளை அடுக்கிய மினி லாரி ஒன்று எங்கள் பம்பருக்கு ஒரு முழம் முன்னால் ஓமலூர் ரோட்டை நிதானமாகக் கடந்துபோனது. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் என்பவன் தன் இடுப்பை வாடகைக்கு விட்டவன். கற்றுக்கொள்கிறவர் கிளட்சைப் படக்கென்று விட்டால் ஒரு குலுக்கல், பிரேக்கை ஆவேசமாக மிதித்தால் ஒரு குலுக்கல், இரண்டையும் மறந்துவிட்டால் நானே மிதிப்பதில் ஒரு குலுக்கல். அன்றைய மூன்றாவது வகைக் குலுக்கல் இடுப்பில் கிளம்பி, தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை மின்சாரம் போல இறங்கியது.

முதுகுவலிக்காரர்களுக்கு அந்த மின்சாரத்தை விளக்க வேண்டியதில்லை. என் இருக்கையை மட்டும் விளக்கிவிடுகிறேன். பயிற்சிக் காரில் வாத்தியார் உட்காரும் இடப்பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தின் முன்பகுதியை அந்தப் பிரேக்கின் மேல் தொட்டும் தொடாமலும் நாளெல்லாம் தூக்கி வைத்திருக்க வேண்டும். முதல் வகுப்பிலேயே இதை எல்லோருக்கும் சொல்லிவிடுவேன். அன்று ஓட்டியவர் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர். அவர் நான் சொல்வது எதையும் கேட்டதில்லை, இதையும் கேட்டிருக்கவில்லை. ஸ்டியரிங்கைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார்.

“நல்ல வண்டி சார். மிதிக்கணும்னு நெனைக்கறேன், அதுவே நின்னுடுது.”

வெல்டிங்

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் எடுத்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இடுப்பில் நாலாவது எலும்பு ஐந்தாவதின் மேல் கொஞ்சம் முன்னால் நகர்ந்திருக்கிறது. நடுவில் நரம்பு நெருக்குப்படுகிறது. ஸ்குரூவும் கம்பியும் வைத்து இரண்டையும் ஒரே எலும்பாகச் சேர்த்துவிடலாம், அடுத்த வாரம் வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார். நல்ல மனிதர். வெளியே நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டிருந்தவர்கள்தான் அவர் பேச்சைச் சுருக்கிவிட்டார்கள்.

என் மனதில் இருந்தது ஒரே கேள்வி: எலும்பைச் சேர்த்த பிறகு அந்த இடப்பக்க இருக்கையில் மறுபடி உட்கார முடியுமா? எனக்குத் தெரிந்த பிழைப்பு அது ஒன்றுதான். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் வெளியே வந்து, டிரைவிங் ஸ்கூல் ஓனர் முருகேசனிடம் கேட்டேன். முருகேசன் நாமக்கல்காரர், முன்பு லாரி வைத்திருந்தவர். எந்த விஷயத்தையும் லாரியாக மாற்றினால்தான் அவருக்கு விளங்கும். டீ கிளாஸைக் கையில் உருட்டினார்.

“லாரிக்கு அடியில சேஸிஸ் சட்டம் விட்டுப்போச்சுன்னா வெல்டிங் வெப்போமுங்க வாத்தியாரே. வெல்டு வெச்ச எடம் அப்பறம் ஒடையவே ஒடையாது. அதுக்குப் பக்கத்து எடந்தான் ஒடையும்.”

கேட்காத கருத்துகள்

அந்த வாரம் முழுக்கக் கார்தான் என் ஆலோசனை மன்றம். உங்களுக்கும் நடந்திருக்கும். முதுகு என்று வாயைத் திறந்தால் போதும், எதிரில் இருப்பவருக்கு ஒரு சித்தப்பாவாவது அதே எலும்போடு இருப்பார். வெளிநாட்டு மகன் வாங்கி நிறுத்திவிட்டுப்போன காரை ஓட்டப் பழகவந்த ஓமலூர் விவசாயி ஒருவர், “கட்டாந்தரையில படு சாமி, எல்லாஞ் செரியாப்போயிரும்” என்றார். அவருக்கு அடுத்து வந்த கல்லூரி ஆசிரியை, தரையில் மட்டும் படுத்துவிடாதீர்கள் என்றார். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது ஒருவர், தன் மைத்துனர் இதே ஆபரேஷன் செய்துகொண்டு பழையபடி மூட்டை தூக்குகிறார் என்றார். “எங்க தூக்கறான்? வேலைய விட்டுட்டு ஊட்டுல உக்காந்திருக்கான்” என்று அவர் மனைவி அங்கேயே திருத்தினார்.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர்தான் நவீனமானவர். வகுப்பு முடிந்து காரை ஓரம் கட்டியதும் என் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, போனில் இருந்த ஏஐக்குப் படம்பிடித்துப் போட்டார். பதில் நீளமாக வந்துகொண்டே இருந்தது. விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிவரை படித்தவர் முகம் வாடிவிட்டது.

“இதுவும் இன்னொரு டாக்டரப் பாருங்கன்னுதான் சொல்லுது சார்.”

சொல்லிவிட்டுப் போகிறவர்கள்

எனக்குத் தயக்கம் இருந்தது. முதல் டாக்டர் கோபித்துக்கொண்டால்? நாளைக்கு அவர் முன்னால்தானே குப்புறப் படுக்க வேண்டும்? என் மனைவி ஸ்டெல்லா இந்தப் பயத்தை ஒரு நிமிடம்கூட மதிக்கவில்லை. “ஸ்கூலுக்குப் பழைய கார் வாங்கறப்ப எத்தனை மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனீங்க? அது நம்ம காருகூட இல்ல. முருகேசண்ணன் காரு” என்றாள்.

இருவரும் டாக்டரிடமே போனோம். நான் வானிலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது ஸ்டெல்லா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். டாக்டரின் முகம் மாறவில்லை. தாராளமாகப் பாருங்கள் என்றார். ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப்போக வேண்டாம், படத்தையும் சிடியையும் கொண்டுபோங்கள், படத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் படித்துவிட்டு யாராவது கருத்துச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள் என்றும் சொன்னார். கவுண்டரில் சிடியைத் தேடி எடுத்த பெண்தான் எங்களை அதிசயமாகப் பார்த்தாள்.

“எல்லாரும் போறாங்க சார். யாரும் சொல்லிட்டுப் போறதில்ல.”

படுத்த படம்

இரண்டாவது டாக்டர் நாமக்கல்லில். ஐம்பது வயதுப் பெண்மணி. நான் உட்கார்ந்ததும், “சேலத்து டாக்டர் ஆபரேஷன் பண்ணணும்னு…” என்று தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினார். அவர் சொன்னதைக் கடைசியில் கேட்டுக்கொள்கிறேன், உங்களுக்கு என்ன செய்கிறது, அதை முதலில் சொல்லுங்கள் என்றார். இத்தனை நாளில் யாரிடமும் அதை முழுதாகச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லோரிடமும் தீர்ப்பைத்தான் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு தூரம் நடந்தால் வலி, உட்கார்ந்தால் குறைகிறதா, குனிந்தால் குறைகிறதா என்று கேட்டார். குதிகாலில் நடக்கச் சொன்னார். நடந்தேன்.

பிறகு படத்தைப் பார்த்தார். நின்றுகொண்டு முன்னால் குனிந்து ஒன்று, பின்னால் வளைந்து ஒன்று எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். அவ்வளவு பெரிய ஸ்கேன் இருக்கும்போது சாதாரண எக்ஸ்ரே எதற்கு என்று என் முகம் கேட்டிருக்க வேண்டும்.

“இது நீங்க படுத்திருக்கறப்ப எடுத்த படம். படுத்துக்கிட்டா கார் ஓட்டச் சொல்லித் தர்றீங்க?”

மெஜாரிட்டி

எக்ஸ்ரேயில், நான் குனியும்போது எலும்பு கொஞ்சம் நகர்ந்தது தெரிந்தது. கொஞ்சம்தான். காலில் பலம் இருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஒன்றரை மாதம் உடற்பயிற்சி செய்துவிட்டு வாருங்கள் என்றார். கால் பலம் குறைந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ அன்றைக்கே வர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். ஸ்டெல்லா அதைக் கேட்டாள். என் காதில் “வேண்டாம்” மட்டும் விழுந்தது. முன்னால் இருந்த “இப்போதைக்கு” நாமக்கல் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிவிட்டது.

சக முதுகுவலிக்காரர்களே, இன்னொரு கருத்துக்குப் போகும்போது நாம் கருத்துக்குப் போவதில்லை, “வேண்டாம்” என்ற ஒரு சொல்லுக்குத்தான் போகிறோம். கிடைத்ததும் ஊரெல்லாம் காட்டினேன். முருகேசன் மட்டும் மகிழவில்லை.

“ஒருத்தரு வேணுங்கறாரு, ஒருத்தரு வேண்டாங்கறாங்க. மூணாவதா ஒருத்தரப் பாத்துப்போடுங்க வாத்தியாரே, மெஜாரிட்டி தெரிஞ்சுபோவும்.”

இளம்பிள்ளை ரோடு

மணிமேகலை இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்கிறவர். கடைகளுக்குச் சேலைக் கட்டுகளைத் தானே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று கார் பழக வந்தார். என் மாணவர்களில் கண்ணாடியைப் பார்த்து ஓட்டியவர் அவர் ஒருவர்தான். உடற்பயிற்சி தொடங்கி மூன்று வாரம் இருக்கும். வலி நன்றாகக் குறைந்திருந்தது. நான் உற்சாகமாக இருந்தேன். இளம்பிள்ளை ரோட்டில் ஒரு வளைவு தாண்டியதும் கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே ஓடியது. நான் மிதித்தேன். மிதித்ததாக நினைத்தேன். பாதம் மேலே எழும்பாமல் பிரேக்குக்கு அடியில் போய் முட்டியது. கார் நின்றது. நிறுத்தியது மணிமேகலை. கன்று ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டு வேலிக்குள் போனது.

“நீங்களே போட்டீங்களா?” என்றேன். “ஆமாங்க சார். நீங்க போடலீங்களா?” என்றார். அவர் குனிந்து என் பக்கம் பார்த்தார். வலது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு கதவோரம் கவிழ்ந்து கிடந்தது. அது எப்போது கழன்றது என்று எனக்குத் தெரியாது. வலி குறைந்த காலில்தான் இது நடந்திருக்கிறது. முருகேசனுக்குப் போன் செய்து, மீதி வகுப்புகளுக்கு வேறு ஆளைப் போடச் சொன்னேன். பிறகு மணிமேகலையே ஓட்ட, முதல்முறையாக இரண்டாவது பிரேக்கின் மேல் கால் இல்லாமல் அந்தக் கார் சேலம் திரும்பியது. வழியில் மணிமேகலை ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“ஏனுங்க சார், அந்தச் செருப்பு முந்தாநேத்தும் கழண்டுச்சு. நீங்க வேணும்னே கழட்டி உட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

ஒற்றை விரல்

மறுநாள் காலையிலேயே நாமக்கல். டாக்டர் செருப்புக் கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கழலுவது தெரிந்து கழலுகிறதா, தெரியாமல் கழலுகிறதா என்று கேட்டார். தெரியாமல் என்றேன். கட்டிலில் படுக்கச் சொல்லி, கால் பெருவிரலை முகத்தை நோக்கித் தூக்கச் சொன்னார். தூக்கினேன். அதன் மேல் தன் ஒற்றை விரலை வைத்து மெல்ல அழுத்தினார். என் முழுப் பலத்தையும் கொண்டு நான் பிடித்திருந்த பெருவிரல் பேசாமல் இறங்கிவிட்டது. ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என் கருத்து மாறிடுச்சு” என்றார் டாக்டர், எந்தச் சங்கடமும் இல்லாமல். போன முறை வலி மட்டும் இருந்தது, காத்திருக்கலாம் என்றேன். இப்போது நரம்பு தோற்கிறது. எலும்பும் நகர்கிறது. சேலத்து டாக்டர் சொன்னதுதான் சரி, அவரிடமே போங்கள், தள்ளிப்போடாதீர்கள். நான் முருகேசனின் வெல்டிங்கைச் சொன்னேன். சிரித்துவிட்டார். அது உண்மைதான், பக்கத்து எலும்புக்கு வேலை கூடும், சிலருக்குப் பின்னால் தொந்தரவு வரும், எல்லோருக்கும் வராது என்றார். பெருவிரலில் இருந்து கையை எடுக்கவில்லை.

“பக்கத்து எலும்பு என்னைக்கோ ஒரு நாள் கேக்கலாம். கால் இன்னைக்கே கேக்குது.”

அதே பதில்

சேலத்து டாக்டர் எங்களைப் பார்த்ததும், அவங்க என்ன சொன்னாங்க என்றுதான் கேட்டார். நீங்கள் சொன்னதைத்தான் என்றேன். இந்த முறை வெளியே நின்ற கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல், முதல் நாள் விழுங்கிய கேள்வியைக் கேட்டேன்: அந்த இருக்கையில் மறுபடி உட்கார முடியுமா? எலும்பு சேர மாதக்கணக்கில் ஆகும், அதன்பிறகு பெரும்பாலும் உட்காரலாம் என்றார். பெருவிரல் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல மாட்டேன், பாதி வரலாம், முழுதும் வரலாம், தாமதித்தால் குறைவாக வரும் என்றார். நாளைக்கே சேர்ந்துகொள்கிறேன் என்றேன். பயம் போகவில்லை. ஆனால் ஒப்புதல் தாளைக் கடைசிவரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது ஸ்டெல்லா கூடவே நடந்துவந்தாள். தைரியமாக இருங்கள் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“செருப்ப நான் எடுத்து வச்சிருக்கேன். எங்கன்னு தேடாதீங்க.”

தானே நிற்கும் வண்டி

எட்டு மாதம் கழித்து டாக்டர் அனுமதி கொடுத்தார். முருகேசன் என் இருக்கையில் புது மெத்தை போட்டிருந்தார். லாரிக்காரர்களுக்குத் தைக்கும் கடையில் தைத்தது, ஓரத்தில் சிவப்புக் குஞ்சம்கூட இருந்தது. மணிமேகலை லைசென்ஸ் வாங்கி, சேலைக் கட்டுகளோடு தினமும் எங்கள் வாசலைத் தாண்டிப் போகிறார், ஹாரன் மட்டும் அடிப்பார். முதல் நாள், முதல் வகுப்புக்கு வந்தவரைப் பார்த்ததும் எனக்குப் பழைய நாள் திரும்பிவிட்டது. வங்கி மேனேஜர். டெஸ்டில் இன்னும் தேறவில்லை, சளைக்கவும் இல்லை.

அதே ஓமலூர் ரோடு. முன்னால் போன டெம்போ கை காட்டாமல் நின்றது. மேனேஜர் அதை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பாதம் எழுந்தது, பழைய வேகத்தில் இல்லை, ஆனால் எழுந்தது. கார் நின்றது. இடுப்பு குலுங்கியது, மின்சாரம் எதுவும் இறங்கவில்லை. மேனேஜர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

“எல்லாம் மாறிப்போச்சு சார், இந்த வண்டி மட்டும் அப்படியே இருக்கு. தானாவே நிக்குது.”

இரண்டு டாக்டர்களிடமும் கேட்டு, கேட்காமலே ஒரு ஊர் சொன்னதையும் கேட்டு, கடைசியில் என் செருப்பு சொன்ன கருத்தின்படி ஸ்குரூ போட்டுக்கொண்டவன் நான். மேனேஜர் கியரைத் தேடிக்கொண்டிருந்தபோது, செருப்புக்குள் பெருவிரலை ஒருமுறை மேலே தூக்கி இறக்கிவிட்டு, பாதத்தை மறுபடி பிரேக்கின் மேல் கொண்டுபோய் நிறுத்தினேன்.