புற்றை விட்டுவிட்டுக் கட்டிய சுவர்

என் சம்சாரத்துக்கு இழுப்பு. புல்லு வேய்ந்த எங்கள் ஊட்டில் மழைக்காலம் முழுக்கத் தரை ஈரம் காயாது. அடைமழையில் உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். இன்னொரு மழையை இந்த ஊட்டில் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தக் கோடையில்தான் எங்கள் ஊர் தலைச்சோலைக்கு ஒரு தம்பி கைமெஷினோடு வந்தார். நம் மண்ணிலேயே கொஞ்சம் சிமெண்ட் கலந்து, மெஷினில் அழுத்தி, சூளை இல்லாமல் கல் செய்து, குறைந்த செலவில் ஊடு கட்ட எங்களைப் பழக்கினார். முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் அடியில் தங்கும், களி மேலே படியும்.

நான் குலுக்குவதைப் பார்த்து அவள் சிரித்தாள். "ஏனுங்க, மண்ணுக்கு மருந்து கலக்கறீங்களா? எனக்கும் ஒரு பாட்டில் கலக்குங்க."

எங்கள் மண்ணில் களியே இல்லை. தம்பி கொல்லையில் இருந்த புற்றைக் காட்டினார். "அண்ணா, அந்த மண்ணைச் சேர்த்தா நல்லாப் பிடிக்குங்க."

அவள் முகம் மாறிவிட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் பால் ஊற்றி வேண்டிக்கொள்ளும் புற்று அது.

"ஆத்தா ஊட்ட இடிச்சு எனக்கொரு ஊடா? வேண்டாஞ் சாமி."

வேறு களிக்கு ஏரிப் பள்ளம் வரை போகணும். மழைக்கு அவ்வளவு நாள் இல்லை. இருந்த மண்ணிலேயே அழுத்தினோம். நிழலில் அடுக்கிய கல்லுக்கு அவள்தான் தண்ணீர் தெளித்தாள். ஜன்னல் உயரம் சுவர் எழும்பியது. கூரை போடுமுன்னே மழை பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் மூலைச் சுவர் சேறாகக் கிடந்தது. பக்கத்தில் புற்று நின்றபடி நின்றது.

"பாத்தீங்களா, ஆத்தாளுக்கு நல்ல கொத்தனார் கெடச்சிருக்கான்" என்றாள். சிரிக்கப் போய் இருமல் வந்தது. நொம்ப நேரம் நிற்கவில்லை.

கார்த்திகையில் போய்விட்டாள். உட்கார்ந்தபடியேதான்.

அடுத்த கோடையில் தம்பி மறுபடி வந்தார். புற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏரிப் பள்ளத்தைப் பார்த்து நடந்தார். பள்ளத்துக் களியைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து வந்து, ஒற்றை அறை கட்டி ஓடு போட்டேன். நல்ல அறை. எந்த மழைக்கும் தரை காய்ந்தே இருக்கிறது. அதில் நான் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறேன்.

வெள்ளிக்கிழமைப் பாலை இப்போது நான்தான் ஊற்றுகிறேன். ஆத்தாமேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் என் சம்சாரத்தைப் போல அங்கே நின்று ஒன்றை வேண்டிக் கேட்க எனக்கு வாய் வருவதில்லை. ஊற்றிவிட்டு வந்துவிடுகிறேன்.