நந்தியாவட்டை

கடவுள் உண்டா இல்லையா என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன். அந்தச் சண்டைக்கு எனக்குத் தெம்பில்லை. ஒரே ஒரு தடவை சாமி என் கையைப் பிடித்தது. ஏன் பிடித்தது என்றுதான் இன்றைக்கும் தெரியவில்லை.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. எனக்கு ஒன்பது வயது. வடக்கனந்தலுக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் வீடு. கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். வெட்டப் போனவர்களில் என் மாமாவும் ஒருவர். பஸ் இல்லை. அந்தப் பாழாய்ப்போன வாரம் பார்த்து, நான்கு வயதுத் தங்கைக்குக் காய்ச்சல் முற்றி ஜன்னி கண்டது.

வண்டி பூட்டி எப்படியாவது கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றார் அப்பா. அம்மாவுக்கு ரோட்டின் மேல் நம்பிக்கையில்லை. கல்வராயன் மலையில் வைத்தியர் ஒருவர் இருந்தார். மலைப்பாதையில் மறியலும் இல்லை. தூக்கிக்கொண்டு நடந்தால் மத்தியானத்துக்குள் சேர்ந்துவிடலாம்.

இப்படி இரண்டுங்கெட்டானாக நிற்கும்போது எங்கள் பக்கம் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பூவரச இலையில் தனித்தனியே கட்டி அம்மன் காலடியில் போட்டு, வயசுக்கு வராத பெண்பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். அப்பா சாமி கும்பிடாதவர். திருவிழாவுக்கு வந்தாலும், "நான் செருப்ப பாத்துக்கினு இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று வெளியிலேயே நின்றுவிடுவார். "பூ கேக்காம கொழந்தய வண்டில ஏத்த வுடமாட்டேன்" என்று அம்மா ஒரே பிடியாக நிற்கவும், "சரி, கேளு" என்றார்.

என்னைக் குளிப்பாட்டி ஈரப் பாவாடையோடு கோயிலுக்குள்ளே அனுப்பினார்கள். வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரி, சிவப்பு வந்தால் மலை. குனிந்து கையை நீட்டினேன். யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்தில் ஒருவரும் இல்லை. உடம்பெல்லாம் குளிர்ந்து, வெளியே பேச்சுச் சத்தம்கூட நின்றுபோனது. அழுகை வந்தது, ஆனால் பயத்தால் இல்லை. அப்படி ஒரு சந்தோஷம். பிடித்த கை இடப்பக்கப் பொட்டலத்தில் கொண்டுபோய் விட்டது. பிரித்தால் வெள்ளை நந்தியாவட்டை.

வண்டி கிளம்பியது. இரண்டு மரங்களை, மறியல் செய்தவர்களே சக்கரத்தைத் தூக்கிவிட்டுத் தாண்டவைத்தார்கள். மூன்றாவது ரொம்பப் பெரியது. அங்கே நின்றிருந்த மாமா தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன்மேல் ஏறினார். அந்தப் பக்கம் இறங்கியபோது அவளுக்கு உயிர் இல்லை.

மலைக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஊரே பேசியது. எடுத்தது என் கை. மூன்று நாள் அந்தக் கையால் ஒரு வாய் சோறு எடுக்க முடியவில்லை. அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன் கை இன்னா பண்ணும்மா? ரெண்டு பொட்டலத்துலயும் நான்தான் வெள்ளப் பூவ வச்சிட்டேன். நீ எத எடுத்திருந்தாலும் வண்டி கள்ளக்குறிச்சிக்குத்தான் போயிருக்கும்."

அம்மனையே ஏமாற்றியிருக்கிறார், அதனால்தான் அம்மன் தங்கையை எடுத்துக்கொண்டாள் என்று எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது. அவரோடு பேச்சை நிறுத்தினேன். மறுபடி அப்பா என்று கூப்பிட இரண்டு வருஷமானது. அந்த இரண்டு வருஷமும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவருடைய கருமாதி முடிந்த மறுநாள்தான் அம்மாவிடம் இதைச் சொன்னேன், பழைய கோபம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அம்மா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"அவரு எங்கடி பூவ தொட்டாரு? கட்டுனது நானு. ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்பு. மிச்சமிருந்த செவப்ப நான்தானே பிரிச்சிப் பாத்தேன்."

ஒன்பது வயதில் எனக்கு அது விளங்கவில்லை. அவர் சொன்ன பொய்யை அப்படியே நம்பி, பாவி மனுஷன் என்று அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே, அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.